வாசல்தோறும் பாட்டு

உரைநடை உலகம்

நுழையும்முன்

பிழைப்புத் தேடி ஊரைவிட்டுச் செல்பவர் கையில் எடுத்துச் செல்லும் பொருள்கள் சில. நெஞ்சில் சுமந்து செல்பவை பல. மொழி, வழிபாடு, உணவு ஆகியவற்றோடு பாட்டும் அவர்களுடன் பயணம் செய்கிறது. குளிர்கால விடியலில் வீடு வீடாகச் சென்று பாடும் வழக்கம் தமிழருக்கும் உண்டு. பல்லாயிரம் கல் தொலைவில் வாழும் உக்ரைனியருக்கும் உண்டு. போடிநாயக்கனூருக்கு மேலே உள்ள ஏலமலையில் ஒலிக்கும் மார்கழிப் பாட்டைத் தொடக்கமாகக் கொண்டு, பெயர்ந்த மக்களின் பாட்டு எவ்வாறு வாழ்கிறது, எவ்வாறு தேய்கிறது என்பதை இப்பாடம் ஆராய்கிறது.

மார்கழியின் விடியல்

மார்கழி மாதத்தில் போடிநாயக்கனூரின் விடியல் சங்கொலியுடன் தொடங்கும். மேற்கே மலைத்தொடர் பனிமூட்டத்துள் மறைந்திருக்கும். வாசல் தெளித்துக் கோலமிட்டு, சாண உருண்டையில் பூசணிப்பூவைச் செருகி வைப்பர் பெண்கள். கோவிலிலிருந்து புறப்படும் பஜனைக் குழுவினர் சேகண்டி, சிப்ளாக்கட்டை, ஆர்மோனியம், மத்தளம் ஆகியவற்றோடு தெருக்களை வலம் வருவர். விளக்கேந்தி முன்னே செல்பவர் ஒருவர். அடியெடுத்துக் கொடுப்பவர் ஒருவர். பின்பாட்டுப் பாடி வருபவர் பலர். தூக்கம் கலையாத சிறுவர்கள் இறுதியில் கிடைக்கும் வெண்பொங்கலை எண்ணியாவது உடன் நடப்பர்.

இவ்வழக்கத்தின் வேர் மிகப் பழமையானது. தைத்திங்களில் குளிர்ந்த நீர்நிலையில் நீராடி நோன்பிருந்த மகளிரைச் சங்கப் பாடல்கள் காட்டுகின்றன. மார்கழித் திருவாதிரையை ஒட்டி நிகழ்ந்த அம்பா ஆடலைப் பரிபாடல் குறிப்பிடுகிறது. ஆண்டாள் அருளிய திருப்பாவையும் மாணிக்கவாசகர் அருளிய திருவெம்பாவையும் இந்நோன்பையே களமாகக் கொண்டவை. திருப்பாவையின் 30 பாடல்களுள் 6 முதல் 15 வரையிலான பத்துப் பாடல்கள், உறங்கும் தோழியரை வாசல்தோறும் சென்று எழுப்புவனவாக அமைந்துள்ளன. வாசலில் நிற்பவர் அழைக்கிறார். உள்ளிருப்பவர் மறுமொழி சொல்கிறார். கேலியும் சிரிப்பும் நிறைகின்றன. ஆக, வீட்டு வாசலில் நின்று பாடுவது தமிழருக்குப் பிற்காலத்தில் வந்து சேர்ந்த பழக்கம் அன்று. இப்பாடல்களின் அமைப்பிலேயே அது குடிகொண்டுள்ளது.

| தெரிந்து தெளிவோம் |
திருவெம்பாவை 20 பாடல்களைக் கொண்டது. மாணிக்கவாசகரின் திருப்பள்ளியெழுச்சி 10 பாடல்களைக் கொண்டது. இரண்டையும் சேர்த்து, மார்கழியில் நாளுக்கொரு பாடலாக 30 பாடல்கள் பாடும் வழக்கம் சிவன் கோவில்களில் உள்ளது.

ஏலமலைக்குப் பெயர்ந்தோர்

போடிநாயக்கனூரிலிருந்து மேற்கே செல்லும் சாலை 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டை அடைகிறது. அதற்கு அப்பால் கேரளத்தின் இடுக்கி மாவட்டம். நிழல்மரங்களின் கீழ் ஆள் உயரத்திற்கும் மேலாக வளரும் ஏலச்செடிகள் மலைச்சரிவெங்கும் நிறைந்துள்ளன. ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதன்று. அடித்தூரிலிருந்து தரையை ஒட்டி நீளும் சரங்களில் காய்ப்பது. ஆதலால் காய் எடுப்போர் தூரின் அருகே குந்தியிருந்து, முற்றிய காயை மட்டும் பார்த்துப் பறிக்க வேண்டும். ஆடி, ஆவணியில் தொடங்கும் காய் எடுப்பு, சில வார இடைவெளிகளில் தை, மாசி வரை நீள்கிறது. மார்கழிப் பனி அப்பருவத்தின் நடுவில் வந்துவிடுகிறது. பறித்த காய் உலர் கூடங்களில் பக்குவமாகி, ஏலத்திற்கு வருகிறது. நறுமணப்பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் போடிநாயக்கனூரிலும் இடுக்கி மாவட்டத்தின் புற்றடியிலும் நடைபெறுகிறது.

இத்தோட்டங்களிலும் அவற்றுக்கு வடக்கே மூணாற்றைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களிலும் உழைத்தோருள் பெரும்பாலோர் தமிழ்நாட்டின் சமவெளியிலிருந்து சென்றவர்கள். கங்காணிகள் வாயிலாகச் சென்றோரும் உறவினரைப் பின்பற்றிச் சென்றோரும் அங்கேயே தங்கி, லயம் எனப்படும் தொடர்வீடுகளில் குடும்பம் வளர்த்தனர். மூணாற்றுத் தேயிலை ஒருகாலத்தில் டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவட வழியாகக் கொட்டகுடிக்கு இறங்கி, போடிநாயக்கனூரை அடைந்தது. 1928இல் போடிநாயக்கனூருக்கு இருப்புப்பாதை வந்தபின் மலைக்கும் சமவெளிக்கும் இடையிலான போக்குவரத்து மேலும் பெருகியது. 1956 நவம்பர் முதல் நாளில் மாநிலங்கள் மொழிவழியாகச் சீரமைக்கப்பட்டபோது தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் கேரளத்துடன் இணைந்தன. வேலைக்காக மலையேறியவர், முன்போலவே வேறொரு மாநிலத்தில் வாழும் தமிழராகத் தொடர்ந்தனர். மாநிலத்தின் பெயர் மாறியது, மலையின் எல்லைக்கோடு மாறவில்லை.

இடப்பெயர்வு இம்மலைக்குப் புதியதன்று. மலையில் வாழும் முதுவர் தம் முன்னோர் மதுரையிலிருந்து பிள்ளைகளை முதுகில் சுமந்து வந்தவர்கள் என்று கூறுகின்றனர். போடிநாயக்கனூர்ப் பகுதியில் வாழும் கம்பளத்தார் தம் வீட்டுமொழியாகத் தெலுங்கைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வருகின்றனர். எவருடைய முன்னோரும் ஏதோ ஒரு நாளில் ஒரு வழியே நடந்து வந்தவர்களே என்பதை இப்பகுதியின் வரலாறு அமைதியாக உணர்த்துகிறது.

லயத்தின் வாசலில்

ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன் நான் போடிநாயக்கனூர்ப் பள்ளியொன்றில் தமிழாசிரியராகப் பணியாற்றினேன். அது மார்கழி மாதம். பதினோராம் வகுப்பு மாணவன் ஒருவன் திங்கட்கிழமைதோறும் தாமதமாக வந்தான். வந்தபின்பும் இருக்கையிலேயே உறங்கினான். இருமுறை பொறுத்தேன். மூன்றாம் முறை கடிந்துகொண்டு வகுப்பிற்கு வெளியே நிற்கச் செய்தேன். பாடவேளை முடிந்ததும் காரணம் கேட்டேன். அவன் தலைகுனிந்தபடியே சொன்னான்:

"ஐயா, அப்பாவும் அம்மாவும் மேலே ஏலத்தோட்டத்துல இருக்காங்க. நான் இங்கே பாட்டி வீட்டுல தங்கிப் படிக்கிறேன். சனிக்கிழமை மலையேறுனா, திங்கட்கிழமை விடியக்காலம் திருவெம்பாவை பாடிட்டுத்தான் ஜீப் பிடிச்சு வரணும். அங்கே பாடிக்கிட்டிருந்த தாத்தா ஊரோட வந்துட்டாரு. மத்தப் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டி வாசிக்கத்தான் வரும். நான் போகலைன்னா சங்கு மட்டுந்தான் ஊதுவாங்க ஐயா, பாட்டு இருக்காது."

வகுப்பில் நான் திருவெம்பாவையின் சிறப்பை விளக்கியதுண்டு. அதைச் சுமந்துகொண்டு மலையேறி இறங்கிய ஒருவனையே வெளியே நிறுத்தியிருந்தேன். அடுத்த சனிக்கிழமை அவனுடன் நானும் சென்றேன்.

விடியலுக்கு வெகு முன்பே நான்கைந்து பேர் லயத்தின் முனையில் கூடினர். கம்பளியால் தலையை மூடியிருந்தனர். ஒருவர் சங்கு ஊதினார். மாணவன் நூலைப் பிரித்து, கைவிளக்கின் ஒளியில் அடியெடுத்துப் பாடினான், மற்றவர் தொடர்ந்தனர். வீட்டுக்கு வீடு நின்று பாடினர். கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. பெண்கள் அதற்கும் முன்பே எழுந்து, சோறு வடித்துத் தூக்குப்பாத்திரத்தில் அடைத்துக் கொண்டிருந்தனர். நகரத்தில் பாட்டு உறங்குவோரை எழுப்பியது. இங்கோ முன்பே எழுந்து உழைப்போரிடம் வந்து நின்றது. கடைசி வீட்டில் பாடி முடிக்குமுன் ஜீப்பின் விளக்கொளி வளைவில் தெரிந்தது. பாடியவர்களும் கேட்டவர்களும் வேறு தோட்டத்துக் காய் எடுப்புக்குச் செல்ல அதில் ஏறிக்கொண்டனர்.

இன்னொன்றையும் அங்குக் கண்டேன். சில நாள்களுக்கு முன் கிறித்துமஸ் கீதபவனி அதே வாசல்களுக்கு வந்து சென்றிருந்தது. காகித நட்சத்திரத்தினுள் விளக்கேற்றி, வீடு வீடாகச் சென்று பாடிக் காணிக்கை பெறுவது அவர்கள் வழக்கம். பஜனைக்குரிய மத்தளமே கீதபவனிக்கும் செல்லும் என்றனர். ஊரில் மார்கழிப் பஜனை எல்லாத் தெருக்களுக்கும் சென்றதில்லை என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. லயத்திலோ ஒரு சுவரின் இருபுறமும் இரு வேறு குலத்தவர், இரு வேறு சமயத்தவர் வாழ்கின்றனர். ஒரு வாசலைத் தவிர்த்துவிட்டு அடுத்த வாசலுக்குச் செல்ல அங்கே வழியில்லை. பெயர்ந்த பாட்டு, தான் புறப்பட்ட ஊரைவிடப் பரந்த மனத்தைச் சிலவேளை பெற்றுவிடுகிறது.

உக்ரைனின் குளிர்காலப் பாட்டு

குளிர்காலத்தில் வாசல்தோறும் பாடும் வழக்கம் ஐரோப்பாவின் கிழக்கே உள்ள உக்ரைன் நாட்டில் இன்றும் செழிப்பாக உள்ளது. அப்பாடல்களைக் கொலியாட்கி என்றும் புத்தாண்டை ஒட்டிய வாழ்த்துப் பாடல்களை ஷெத்ரிவ்கி என்றும் வழங்குவர். கிறித்துவம் பரவுவதற்கு முன்பே, பகற்பொழுது மீண்டும் நீளத் தொடங்கும் காலத்தைக் கொண்டாடிய பாடல்களிலிருந்து இம்மரபு வளர்ந்தது என்பர். பின்னர்க் கிறித்து பிறப்பின் செய்தி அவற்றோடு இணைந்தது.

குழுவுக்குத் தலைவர் ஒருவர் உண்டு. ஒருவர் கோலின்மேல் பெரிய நட்சத்திரத்தை ஏந்திச் செல்வார். ஆடுபோல வேடமிட்டவர் ஆடிப்பாடிச் சிரிப்பூட்டுவார். வீட்டுத் தலைவர், தலைவி, மகன், மகள் என ஒவ்வொருவருக்கும் தனித்தனி வாழ்த்துப்பாட்டு உண்டு. விளைச்சல் பெருகுக, கால்நடை பெருகுக, நோயின்றி வாழ்க என்பது அவற்றின் சாரம். வீட்டார் தின்பண்டமும் பணமும் அளிப்பர். கிறித்து பிறப்பின் முன்னிரவில் இறைச்சி சேராத 12 வகை உணவு படைப்பர்; கோதுமை, தேன், கசகசா சேர்த்துச் செய்யும் குத்யா அவற்றுள் முதன்மையானது. அறுவடையில் எடுத்துவைத்த கதிர்க்கட்டை வீட்டின் மூலையில் நிறுத்தி, அதில் முன்னோர் உறைவதாக மதிப்பர். தைப்பொங்கலில் புத்தரிசி பொங்கிப் படைத்து முன்னோரை நினைக்கும் நமக்கு இது அயலானதாகத் தோன்றுவதில்லை. விடியுமுன் வாசலில் நின்று நற்செய்தி கூறிச்செல்லும் நம் குடுகுடுப்பைக்காரரும் நினைவுக்கு வருகிறார்.

இம்மரபின் புகழ்பெற்ற பாடல் ஷெத்ரிக். நாட்டுப்புற மெட்டு ஒன்றைக் கொண்டு மிகோலா லியோன்தோவிச் இதனைக் குழுப்பாடலாக அமைத்தார். 1916இல் கீவ் நகரில் இது அரங்கேறியது. தகைவிலான் குருவி ஒன்று வீட்டுக்குள் பறந்துவந்து, தொழுவத்தில் ஆட்டுக்குட்டிகள் பிறந்துள்ளன, உமக்கு நல்ல காலம் வந்தது என்று வீட்டுத் தலைவரிடம் கூறுவதே அதன் பொருள். பனிக்காலப் பாட்டில் கோடைப் பறவை எவ்வாறு வந்தது? முற்காலத்தில் அங்குப் புத்தாண்டு வசந்தத்தில் பிறந்தது. தகைவிலான் திரும்பிவரும் பருவம் அது. புத்தாண்டு குளிர்காலத்திற்கு மாறியபோது பாட்டும் உடன் மாறி வந்தது. குருவி மட்டும் பாட்டுக்குள் தங்கிவிட்டது.

| தெரியுமா? |
தகைவிலான் குருவி வலசை செல்லும் பறவை. வடபுலத்தில் குளிர் மிகும் மாதங்களில் அது தமிழ்நாட்டிற்கு வருகிறது. மார்கழியில் வயல்வெளிகளிலும் மின்கம்பிகளிலும் அதனைக் கூட்டமாகக் காணலாம்.

கனடாவின் பனிவெளியில்

1891 முதல் உக்ரைனிய உழவர் நிலம் தேடிக் கனடாவுக்குக் குடிபெயர்ந்தனர். மானிட்டோபா, சஸ்காச்சுவான், ஆல்பெர்ட்டா ஆகிய மாகாணங்களின் புல்வெளிகளைத் திருத்தி வயலாக்கினர். இன்று கனடாவில் உக்ரைனிய மரபினர் 10 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் உள்ளனர். அங்கும் அவர்கள் வாசல்தோறும் கொலியாட்கி பாடினர். பாடிப் பெற்ற காணிக்கையைத் தம் திருக்கோவிலுக்கும் சமுதாயக் கூடத்திற்கும் அளித்தனர். தமிழர் பஜனை மடம் கட்டியது போன்றதே இது.

தாய்நாட்டில் பாட்டுக்குச் சோதனைகள் பல வந்தன. லியோன்தோவிச் 1921 ஜனவரியில் சோவியத் உளவுப்படையைச் சேர்ந்தவனால் சுட்டுக் கொல்லப்பட்டார். சோவியத் ஆட்சி சமயம் சார்ந்த குளிர்கால விழாக்களை ஒடுக்கியது. 1972 ஜனவரியில் உக்ரைனிய அறிவாளர் பலர் சிறைப்பிடிக்கப்பட்டனர். அவர்களுள் லிவீவ் நகரில் சில நாள்களுக்கு முன் வீடு வீடாகச் சென்று பாடியவர்களும் இருந்தனர். கவிஞர் வாசில் ஸ்தூஸ் அவர்களுள் ஒருவர். அவர் 1985இல் சிறைமுகாமில் உயிர்நீத்தார். தாய்நாட்டில் பாட முடியாத காலத்தில் அப்பாடல்களை உரத்துப் பாடிக் காத்தவர்கள் கடல்கடந்து வாழ்ந்த உறவினரே. விடுதலைக்குப்பின் பாட்டு மீண்டும் தெருவுக்கு வந்தது. 2023இல் உக்ரைன் கிறித்து பிறப்பு விழாவை ஜனவரி 7இலிருந்து டிசம்பர் 25க்கு மாற்றிக்கொண்டது. புலம்பெயர்ந்தோருள் சிலர் பழைய நாளையே இன்றும் போற்றுகின்றனர்.

ஷெத்ரிக் பெற்ற புகழில் ஓர் இழப்பும் உண்டு. ஒலெக்சாந்தர் கோஷெட்ஸ் தலைமையிலான பாடற்குழு 1922இல் நியூயார்க்கின் கார்னகி அரங்கில் அதனைப் பாடியது. 1936இல் பீட்டர் வில்ஹௌஸ்கி அம்மெட்டுக்கு மணியோசையைப் பற்றிய ஆங்கில வரிகளை எழுதினார். உலகெங்கும் பரவியது அந்த ஆங்கிலப் பாட்டே. மெட்டை அறிந்த கோடிக்கணக்கானோர் குருவியை அறியார்; அது எம்மக்களின் பாட்டு என்பதையும் அறியார்.

பாங்காக்கில் பாவை

இதற்கு மறுதலையான நிலையைத் தாய்லாந்தில் காண்கிறோம். அந்நாட்டில் அரசு சார்பில் நடைபெறும் திரியம்பாவாய், திரிபவாய் விழாவின் பெயர்கள் திருவெம்பாவை, திருப்பாவை என்பவற்றின் திரிபுகளே. பாங்காக் நகரில் முதலாம் இராமர் 1784இல் நிறுவிய தேவஸ்தானத்தில் இவ்விழா நடைபெறுகிறது. எதிரே உள்ள பெரிய ஊஞ்சலில் ஆடும் நிகழ்ச்சி 1935இல் நின்றுவிட்டது. ஓதுதல் மட்டும் தொடர்கிறது. தமிழகத்திலிருந்து சென்றோரின் வழியினராகிய அந்தணர், ஒலி மிகவும் திரிந்த நிலையில், பொருள் அறியாமலே இப்பாடல்களை ஓதி வருகின்றனர். மொழி மறந்தபின்னும் பல நூற்றாண்டுகள் பாட்டை விடாத அவர்களின் உறுதி வியப்பளிக்கிறது. எனினும் தோழியை எழுப்பும் அந்தக் கேலியும் சிரிப்பும் அங்கே யாருக்குக் கேட்கும்?

பாட்டு வாழும் வழி

மூன்று நிலைகளையும் ஒப்பிட்டால் ஓர் உண்மை புலப்படும். ஷெத்ரிக் பாட்டின் மெட்டு உலகை வென்றது. அதன் பொருளும் பிறந்த வாசலும் பலருக்கு மறைந்தன. பாங்காக்கில் ஒலி நின்றது, பொருள் நீங்கியது. ஏலமலையில் பொருளை உணர்வோர் உள்ளனர். கேட்கும் வாசல்களும் உள்ளன. பாடும் குரலே குறைந்து வருகிறது. வாசல், குரல், பொருள் என்னும் மூன்றும் ஒருங்கே அமையும்போதுதான் பாட்டு முழுமையாக வாழ்கிறது.

குரல் குறைவதற்குப் பாடுவோரின் ஆர்வமின்மையை மட்டும் காரணமாகக் கூறுதல் தகாது. விடியுமுன் வேலைக்குப் புறப்படுவோருக்குப் பாட நேரம் எது? பிள்ளைகள் வேறு மொழிவழியில் பயிலும்போது, வீட்டில் பேசும் தமிழ் பாட்டின் தமிழைத் தொடுவதில்லை. ஆயினும் நம்பிக்கைக்கு இடமுண்டு. இடுக்கி மாவட்டத்தில் தமிழ்வழிப் பள்ளிகள் உள்ளன. தைப்பொங்கலுக்குக் கேரள அரசு இடுக்கி உள்ளிட்ட எல்லைப்புற மாவட்டங்களில் உள்ளூர் விடுமுறை அளிக்கிறது. அண்டை மாநிலம் நம் விழாவை மதித்து வழிவிடும்போது, அவ்விழாவின் பாட்டை அடுத்த தலைமுறைக்குக் கொண்டுசேர்ப்பது நம் கடமையாகிறது.

அந்த மாணவன் பிற்காலத்தில் ஒருமுறை என்னைச் சந்தித்தான். மலையில் இப்போது யார் பாடுகிறார்கள் என்று கேட்டேன். அவன் தங்கை பாடுவதாகவும், கோடை விடுமுறைதோறும் லயத்துப் பிள்ளைகள் அறுவருக்கு அவள் எழுத்துக் கற்பித்ததாகவும் கூறினான். "இப்ப நான் பின்பாட்டுத்தான் ஐயா" என்று சிரித்தான். அடியெடுத்துக் கொடுக்க ஒருவர் முன்வந்தால், பின்பாட்டுக்கு ஒரு மலையே காத்திருக்கிறது.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரில் மார்கழி, தை மாதங்களில் வீடு வீடாகச் சென்று பாடுவோர், வாழ்த்துவோர் குறித்து முதியோரிடம் கேட்டறிந்து தொகுப்பேடு உருவாக்குக.
2. உங்கள் வகுப்பில் வேறு ஊர், வேறு மாநிலம் அல்லது வேறு மொழிப் பின்னணியிலிருந்து வந்த குடும்பத்தினரின் பாடல் ஒன்றைக் கேட்டு, அதன் பொருளை வகுப்பறையில் பகிர்க.
3. 'இடம்பெயர்வும் பண்பாடும்' என்னும் தலைப்பில் கலந்துரையாடல் நிகழ்த்துக.

மதிப்பீடு

பலவுள் தெரிக
1. திருப்பாவையில் தோழியரை எழுப்புவனவாக அமைந்த பாடல்கள்
அ) 1 முதல் 5 வரை ஆ) 6 முதல் 15 வரை இ) 16 முதல் 20 வரை ஈ) 21 முதல் 30 வரை
2. ஷெத்ரிக் பாடலில் நற்செய்தி கொண்டுவருவது
அ) குயில் ஆ) புறா இ) தகைவிலான் ஈ) மைனா

குறுவினா
1. ஏலக்காய் பறிப்போர் தூரின் அருகே குந்தியிருந்து பறிப்பது ஏன்?
2. 'மாநிலத்தின் பெயர் மாறியது, மலையின் எல்லைக்கோடு மாறவில்லை' – இத்தொடர் உணர்த்தும் வரலாற்று நிகழ்வு யாது?

சிறுவினா
1. உக்ரைனியரின் குளிர்கால வழக்கங்களையும் தமிழரின் மார்கழி, தை வழக்கங்களையும் ஒப்பிட்டு எழுதுக.
2. பெயர்ந்த பாட்டு, புறப்பட்ட ஊரைவிடப் பரந்த மனத்தைப் பெறுகிறது என ஆசிரியர் கூறக் காரணம் என்ன?

நெடுவினா
1. 'வாசல், குரல், பொருள் மூன்றும் அமைந்தால்தான் பாட்டு வாழும்' – இக்கருத்தைப் பாடப்பகுதி கொண்டு நிறுவுக. இதில் உமக்கு உடன்பாடில்லை எனில் உம் காரணங்களையும் எழுதுக.